க்யூவில் நிற்கும் கணக்கு



நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் கட்டிடம், வடக்குப் பக்கம், கம்பி போட்ட ஒரே ஒரு ஜன்னல். போனஃபைட் சர்டிபிகேட் வேண்டுமா, பஸ் பாஸ் பாரத்தில் சீல் வேண்டுமா, ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். காலை 11 மணிக்குத் திறக்கும், பகல் 1 மணிக்கு மூடும். மூடும்போது யார் நின்றாலும் ஒரே பதில்தான்: "நாளைக்கு வாங்க தம்பி."

சென்ற ஆண்டு ஜூலையில் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் இப்படி நான்கு நாள் "நாளைக்கு" வாங்கினான். பஸ் பாஸ் பாரத்தில் சீல் விழவில்லை. அந்த நான்கு நாளும் போக வர டிக்கெட் எடுத்துத்தான் வந்தான். அவன் அப்பா கட்டிட வேலைக்குப் போகிறவர். ஐந்தாம் நாள் அவன் வகுப்புக்கே வரவில்லை. கேட்டதற்கு, "காசு இல்லடா, பாஸ் வந்ததும் வர்றேன்" என்றான்.

எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கிளார்க் சார் மெதுவாக வேலை செய்கிறார், மாற்ற வேண்டும் என்று ஒரு மனு எழுதி 63 கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ஆதாரம்கூடக் கையில் இருந்தது. ஜன்னலில் ஒருவருமே இல்லாதபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததை ஒருவன் போனில் படம் பிடித்து வைத்திருந்தான்! பேரவைச் செயலாளர் அண்ணனிடம் மனுவைக் கொடுக்கப் போகிற வழியில் கணக்கு மேடம் எதிரே வந்தார்கள். மனுவை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்:

"மணிக்கு எத்தனை பேர் வர்றாங்க? ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்ப இது மனு இல்லப்பா, கோபம். எண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

எண்ணினோம். அந்த எண்ணிக்கையிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. இதன் பெயர் கொஞ்சம் பயமுறுத்தும்: தொடர்நேர மார்க்கோவ் சங்கிலி. லேட்டரல் என்ட்ரியில் மேலே படிக்கப் போகும் நம்மவர்கள் சிலருக்கு இது பாடமாகவே வரும். பயப்பட ஒன்றுமில்லை. வட்டம் வரையவும் அம்புக்குறி போடவும் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

ஒரு டெலிபோன்காரர் தொடங்கிய கதை

இந்தக் கணக்கு ஏதோ தத்துவ விசாரத்தில் பிறந்ததல்ல. டென்மார்க்கில் 1878-ல் பிறந்த ஏ.கே. எர்லாங் என்பவர் 1908-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் முன்னால் இருந்த கேள்வி நம் கேள்விதான். எத்தனை லைன் போட்டால் போதும்? குறைவாகப் போட்டால் வாடிக்கையாளர் காத்துக் கிடப்பார், அதிகம் போட்டால் பணம் வீண். 1909-ல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. 1917-ல், இன்றும் டெலிபோன் துறை பயன்படுத்தும் சூத்திரங்களை வெளியிட்டார். டெலிபோன் போக்குவரத்தின் அளவுக்கு 'எர்லாங்' என்றே அலகுப் பெயர் உண்டு.

அதே காலத்தில், 1906-ல், ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ் 'சங்கிலி' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். நாளைக்கு என்ன நடக்கும் என்பது இன்றைய நிலையை மட்டுமே பொறுத்தது, இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்ற பழைய கதை தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். கடிகாரம் தொடர்ச்சியாக ஓடும்போது இதற்கான சமன்பாடுகளை 1931-ல் கோல்மோகோரவ் முறையாக எழுதி வைத்தார்.

பழைய கதை தேவையில்லை என்றால் எப்படி? ஜன்னலில் ஒருவன் ஏற்கெனவே இரண்டு நிமிடமாக நிற்கிறான். சராசரி வேலை நேரம் 3 நிமிடம். இன்னும் எவ்வளவு நேரம் நிற்பான்? ஒரு நிமிடம் என்றுதானே சொல்வீர்கள்? இந்தக் கணக்கில் விடை: சராசரியாக இன்னும் 3 நிமிடம்! இதற்கு 'நினைவின்மை' என்று பெயர். வேலை நேரம் அடுக்குக்குறிப் பரவலில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்தக் குணம் தானாக வந்துவிடும். நிஜத்தில் இது முழுக்க உண்மையாக இருக்காது. ஆனாலும் இதை வைத்துக்கொண்டால் கணக்கு மிகச் சுலபமாகிறது, விடையும் பல சமயம் நிஜத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. எவ்வளவு கிட்ட என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் கணக்கு: ஒர்க்‌ஷாப்பில் இரண்டு லேத்

ஜன்னலுக்குப் போகும் முன் சின்னக் கணக்கு ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் 2 லேத். ஒவ்வொன்றும் சராசரியாக 10 மணி நேரம் ஓடினால் ஒரு முறை பழுதாகும். பழுது பார்க்க ஒரே ஒரு மெக்கானிக். ஒரு லேத்தைச் சரிசெய்ய அவருக்குச் சராசரி 2 மணி நேரம். இரண்டு லேத்தும் ஒரே சமயத்தில் படுத்துவிட, நாம் கைகட்டி நிற்கும் நேரம் எவ்வளவு?

படி 1: நிலை எது என்று முடிவு செய்யுங்கள். இங்கே நிலை என்பது பழுதாகி நிற்கும் லேத்துகளின் எண்ணிக்கை. எனவே 0, 1, 2. மூன்று வட்டம் வரையுங்கள்.

படி 2: அம்புக்குறி போட்டு அதன் மேல் வீதத்தை எழுதுங்கள். வீதம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்பது. 10 மணிக்கு ஒரு பழுது என்றால் வீதம் 0.1. 2 மணிக்கு ஒரு ரிப்பேர் என்றால் 0.5.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள், கவனியுங்கள். 0-லிருந்து 1-க்குப் போகும் அம்பில் 0.1 என்று எழுதினால் தப்பு. ஓடுவது இரண்டு லேத், எது வேண்டுமானாலும் பழுதாகலாம். எனவே 0.2. 1-லிருந்து 2-க்கு ஓடும் லேத் ஒன்றுதான், எனவே 0.1. திரும்பி வரும்போது 1-லிருந்து 0-க்கு 0.5. 2-லிருந்து 1-க்கு? இரண்டு லேத் பழுதாக இருந்தாலும் மெக்கானிக் ஒருவர்தானே! எனவே அங்கேயும் 0.5 தான், 1.0 அல்ல.

படி 3: சமன் செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு கிழியுங்கள். அறை வாசல் மாதிரி. ஒருவன் வாசலைத் தாண்டி உள்ளே போனால், அடுத்த முறை உள்ளே போவதற்கு முன் ஒரு தடவை வெளியே வந்துதானே ஆக வேண்டும்? ஆகவே நீண்ட காலத்தில் இடமிருந்து வலம் போகும் தடவையும் வலமிருந்து இடம் வரும் தடவையும் சமம். இந்த ஒரு வாக்கியம்தான் முழுக் கணக்கும்!

ப0, ப1, ப2 என்பவை அந்தந்த நிலையில் கழியும் நேரத்தின் பங்கு. அப்படியானால்,

0.2 × ப0 = 0.5 × ப1, எனவே ப1 = 0.4 × ப0

0.1 × ப1 = 0.5 × ப2, எனவே ப2 = 0.2 × ப1 = 0.08 × ப0

படி 4: எல்லாப் பங்கையும் கூட்டினால் 1. அதாவது 1.48 × ப0 = 1. ஆகவே ப0 = 0.676, ப1 = 0.270, ப2 = 0.054.

நூறு மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் இரண்டு லேத்தும் படுத்திருக்கும். இரண்டாவது மெக்கானிக் வந்தால்? கடைசி அம்பு மட்டும் 1.0 ஆகும். நீங்களே போட்டுப் பாருங்கள், ப2 = 0.028 வரும். சூத்திரம் ஒன்றையும் மனப்பாடம் செய்யவில்லை பாருங்கள்!

இரண்டாவது கணக்கு: அந்த ஜன்னல்

ஒரு வாரம் இரண்டிரண்டு பேராக முறை வைத்து, நோட்டும் வாட்சுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தினமும் 2 மணி நேரம், ஐந்து நாள், ஆக 10 மணி நேரம். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் 180 பேர். மணிக்கு 18. ஒருவருக்கு ஆன நேரம் சராசரி 3 நிமிடம். அதாவது கிளார்க் சாரால் மணிக்கு 20 பேரை அனுப்ப முடியும்.

புத்தகங்களில் வரும் வீதத்தை லாம்டா என்றும், வேலை முடியும் வீதத்தை மியூ என்றும் எழுதுவார்கள். லாம்டா 18, மியூ 20. இரண்டையும் ஒரே அலகில் வைப்பது முக்கியம். ஒன்றை மணிக்கு என்றும் மற்றதை நிமிடத்துக்கு என்றும் போட்டு மார்க்கைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

மணிக்கு 18 பேர் வருகிறார்கள், 20 பேரை அனுப்பலாம். அப்படியானால் க்யூவே இருக்கக் கூடாதே? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வட்டம் வரைந்து பார்ப்போம். நிலை என்பது ஜன்னலில் இருப்பவரையும் சேர்த்து நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை: 0, 1, 2, 3... முடிவில்லாமல் போகும். வலப்பக்க அம்பு எல்லாம் 18. இடப்பக்க அம்பு எல்லாம் 20. அதே வாசல் விதி:

18 × ப0 = 20 × ப1, எனவே ப1 = 0.9 × ப0

அடுத்தது ப2 = 0.9 × ப1. இப்படியே ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 0.9 மடங்கு. இது பெருக்குத் தொடர், கூட்டுத்தொகை 1 ÷ (1 − 0.9) = 10. எனவே ப0 = 0.1.

இந்த 0.1 என்ன சொல்கிறது தெரிகிறதா நண்பர்களே? பத்தில் ஒரு பங்கு நேரம், அதாவது மணிக்கு 6 நிமிடம், ஜன்னலில் ஒருவருமே இருக்க மாட்டார்கள். அந்த ஆறு நிமிடத்தில்தான் எங்கள் நண்பன் படம் பிடித்திருக்கிறான்! எங்கள் 'ஆதாரம்' கிளார்க் சாரின் சோம்பலைக் காட்டவில்லை, ப0-வைக் காட்டியது. ஆள் வரும் நேரம் நம் இஷ்டம், சில சமயம் யாரும் வருவதில்லை, சில சமயம் ஒரு வகுப்பே இறங்கிவிடுகிறது. காலியாகப் போன ஆறு நிமிடத்தைச் சேமித்து வைத்து, கூட்டம் வரும்போது செலவு செய்ய அவரால் முடியாதே!

சராசரியாக எத்தனை பேர் நிற்பார்கள்? தொடரைக் கூட்டினால் 0.9 ÷ (1 − 0.9) = 9 பேர். 20 பேரோ அதற்கு மேலோ நிற்கும் வாய்ப்பு 0.9-ஐ 20 முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 0.12.

இனி காத்திருக்கும் நேரம். இதற்கு ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு விதி உதவுகிறது. உள்ளே இருப்பவர்களின் சராசரி = வரும் வீதம் × ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு பாலிடெக்னிக்கில் வருடத்துக்கு 240 பேர் சேர்ந்து ஒவ்வொருவரும் 3 வருடம் படித்தால் வளாகத்தில் 720 பேர் இருப்பார்கள். அவ்வளவுதான் விதி! ஜன்னலுக்குப் போட்டால் 9 = 18 × நேரம். நேரம் அரை மணி. அதில் 3 நிமிடம் சொந்த வேலை. சும்மா நிற்பது 27 நிமிடம்.

எங்கள் நோட்டில் எவ்வளவு வந்தது? 24 நிமிடம். மூன்று நிமிட வித்தியாசம் ஏன் என்று மேடத்திடம் கேட்டோம். "வேலை நேரம் நீங்க நினைச்ச அளவுக்கு முன்ன பின்ன இல்லப்பா. எல்லாருக்கும் அச்சடிச்ச மாதிரி சரியா 3 நிமிஷமே ஆச்சுன்னா காத்திருப்பு பாதியாயிடும், பதிமூன்றரை நிமிஷம். உங்க ஜன்னல் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. அதோட ஒரு வாரம்ங்கிறது சின்ன மாதிரி" என்றார்கள்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. தினம் 2 மணி நேரம் மட்டும் திறக்கும் ஜன்னலுக்கு 'நீண்ட காலக்' கணக்கு பொருந்துமா? பொருந்துகிறது. காரணம் அந்த "நாளைக்கு வாங்க"தான். ஒரு மணிக்கு மிச்சம் நிற்பவர்கள்தான் மறுநாள் திறக்கும் முன்பே முதலில் வந்து நிற்கிறார்கள். க்யூ கலைவதில்லை, ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் தொடர்கிறது! எங்கள் நண்பனின் நான்கு நாளும் இதற்குள்தான் இருக்கிறது.

குற்றவாளி யார்?

லாம்டாவை மியூவால் வகுத்தால் வருவதை ரோ என்பார்கள். ஜன்னல் எவ்வளவு பங்கு நேரம் வேலையில் இருக்கிறது என்பதன் அளவு. ரோ ஏற ஏற என்ன ஆகிறது பாருங்கள்:

ரோ 0.5 என்றால் சராசரி 1 ஆள்
ரோ 0.8 என்றால் 4 பேர்
ரோ 0.9 என்றால் 9 பேர்
ரோ 0.95 என்றால் 19 பேர்

ரோ 1-ஐத் தொட்டால் கணக்கே கிடையாது, க்யூ வளர்ந்துகொண்டே போகும். எனவே கணக்குத் தாளில் முதலில் ரோ 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆக, கிளார்க் சார் மீது தப்பில்லை. ஒரு ஆளால் செய்யக்கூடியதில் பத்தில் ஒன்பது பங்கை அவர் செய்துகொண்டிருந்தார். அவர் இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் இதே க்யூதான். 63 கையெழுத்துப் போட்ட மனுவை நாங்களே கிழித்தோம். வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஜன்னல் திறந்தால்?

அதே வட்டங்கள். 1-லிருந்து 0-க்கு 20. 2-லிருந்து 1-க்கு 40, ஏனென்றால் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதற்கு மேல் எல்லாம் 40.

ப1 = 0.9 × ப0, ப2 = 0.45 × ப1, அதன் பிறகு ஒவ்வொன்றும் 0.45 மடங்கு. கூட்டினால் 2.636 × ப0 = 1, எனவே ப0 = 0.379. நின்று காத்திருப்பவர்களின் சராசரி 0.2285. லிட்டில் விதிப்படி 18-ஆல் வகுத்தால் காத்திருப்பு 0.0127 மணி, அதாவது 46 விநாடி!

ஆள் இரண்டு மடங்கானால் காத்திருப்பு பாதியாகும் என்றுதான் நம் மனது சொல்லும். ஆனால் 27 நிமிடம் 46 விநாடியாகிறது. முதல் முறை இதைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மூன்று தடவை திருப்பிப் போட்டோம்.

இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, பேரவை வழியாகப் பிரின்சிபால் சாரிடம் புது மனு கொடுத்தோம். அதில் யாரையும் குறை சொல்லவில்லை. ஜூன், ஜூலையில் மட்டும் இரண்டாவது ஜன்னல் என்று கேட்டோம். அவர் பொறுமையாகப் படித்தார். "கணக்கு சரி. ஆள்தான் இல்ல" என்றார்.

அதோடு விட்டுவிட மனமில்லை. நோட்டை மறுபடி புரட்டினோம். அந்த 3 நிமிடத்தில் என்ன நடக்கிறது? பாரத்தில் பதிவு எண் எழுதாமல் வருவது, போட்டோ ஒட்டாமல் வருவது, "சார், பேனா இருக்கா?" இதெல்லாம் நம்முடைய பங்கு. இதைக் குறைத்து 3 நிமிடத்தை 2½ நிமிடமாக்கினால்? மியூ 24, ரோ 0.75. சராசரி 3 பேர். மொத்தம் 10 நிமிடம், காத்திருப்பு 7½ நிமிடம். அரை நிமிடம் குறைந்தால் கிட்டத்தட்ட இருபது நிமிடம் மிச்சம்!

அன்று முதல் வேப்பமரத்தடியில் பேரவை சார்பில் ஒரு மேசை. ஒரு பசை டப்பா, நாலு பேனா, இரண்டு தொண்டர்கள். பாரத்தைச் சரிபார்த்த பிறகுதான் க்யூவில் விடுவோம். இரண்டு வாரம் கழித்து எண்ணியபோது காத்திருப்பு சராசரி 9 நிமிடம். கிளார்க் சாரிடம் பழைய மனு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிரித்துவிட்டு, "பசை தீர்ந்தா சொல்லுங்க தம்பி, ஆபீஸ்ல இருக்கு" என்றார்.

இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை இரண்டாவது ஜன்னல் திறக்கவில்லை. இந்த வருடமும் ரோ 0.9-ஐத் தாண்டக் கூடும். அடுத்த பேரவைக்காக நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணக்கு

எர்லாங்கின் நினைவாக ஒன்று. ஒரு அலுவலகத்தில் 3 டெலிபோன் லைன். மணிக்கு 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மூன்றும் பிஸி என்றால் அழைப்பவர் காத்திருக்காமல் போய்விடுவார். எத்தனை சதவீத அழைப்புகள் வீணாகும்? 4, 5 லைன் போட்டால் என்ன ஆகும்?

குறிப்பு: நிலைகள் 0, 1, 2, 3. வலப்பக்கம் 40, 40, 40. இடப்பக்கம் 20, 40, 60. வாசல் விதியைப் போடுங்கள்.

விடை: 3 லைனுக்கு 21 சதவீதம், 4-க்கு 9½ சதவீதம், 5-க்கு ஏறக்குறைய 3.7 சதவீதம்.

விடை வராதவர்கள் பகல் 11 மணிக்கு வேப்பமரத்தடிக்கு வாருங்கள். க்யூவில் நிற்கும்போது சேர்ந்தே போட்டுவிடலாம்!

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்